அக்குவாபொனிக்ஸ் தொட்டிக்கு எந்தக் கல் போடலாம்? இலங்கையின் கிழக்கில் தொடங்குபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

அக்குவாபொனிக்ஸ் பற்றி இணையத்தில் தேடினால் வரும் படங்களில் பெரும்பாலும் ஒரே பொருள்தான் தெரியும்: செங்கல் நிறத்தில் சின்னச் சின்ன உருண்டைகள். களிமண்ணைச் சூளையில் சுட்டு உப்ப வைத்து எடுப்பவை அவை. நல்ல பொருள்தான். பாரம் குறைவு, கையைக் கீறாது, மேலெல்லாம் நுண்துளைகள். ஆனால் இங்கே அது இறக்குமதிச் சரக்கு. ஒரு சிறிய தொட்டியை நிரப்பவே பல மூட்டைகள் வேண்டும். அந்த விலையைக் கேட்டுவிட்டு, இது நம்மால் முடியாத வேலை என்று விட்டுவிட்டவர்கள் பலர்.

விடத் தேவையில்லை. வீட்டுக்குக் கொங்கிரீட் போட இறக்குகிறோமே, அந்த முக்கால் அங்குலக் கருங்கல்லே இந்த வேலையைத் தாராளமாகச் செய்யும். மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அது கிடைக்காத ஊர் இல்லை. வாங்குமுன் இரண்டு மூன்று சின்னச் சோதனைகளைச் செய்து பார்க்கத் தெரிந்தால் போதும். அந்தச் சோதனைகளைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அக்குவாபொனிக்ஸ் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஒரு தொட்டியில் மீன் வளர்க்கிறோம். அந்தத் தண்ணீரை ஒரு சின்னப் பம்பு இழுத்து, கல் நிரப்பிய இன்னொரு தொட்டிக்கு அனுப்புகிறது. அந்தக் கல்லில்தான் பயிர் நிற்கிறது. தண்ணீர் கல்லுக்குள்ளே ஏறி, மறுபடி மீன் தொட்டிக்கே வடிந்து போகிறது. மண் கிடையாது, உரமும் போடுவதில்லை. மீனின் கழிவே பயிருக்கு உணவு. காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடற்கரை நெடுகிலும் வளவுகள் சிறியவை, நிலமோ மணல். ஊற்றும் தண்ணீரும் போடும் உரமும் நிற்காமல் கீழே இறங்கிவிடும். அப்படிப்பட்ட வளவில் ஒரு பாத்தி கங்குனும் நாலைந்து கத்தரிச் செடியும் எடுக்க இது உண்மையிலேயே கைகொடுக்கும் முறை.

இதில் கல்லுக்கு என்ன வேலை? செடி சாயாமல் பிடித்துக்கொள்வது ஒன்று. அதைவிடப் பெரிய வேலை கண்ணுக்குத் தெரியாதது. மீனின் செவுள் வழியாகவும் கழிவு வழியாகவும் தண்ணீரில் அமோனியா சேர்கிறது. கூடினால் அது மீனைக் கொன்றுவிடும். ஒரு வகைப் பற்றீரியா இந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். நைத்திரேற்று மீனுக்கு அவ்வளவு தீங்கில்லை, செடிக்கோ அருமையான உணவு. இந்தப் பற்றீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிவதை விட, எதிலாவது ஒட்டிக்கொண்டு வாழ்வதையே விரும்பும். ஆகவே ஒவ்வொரு கல்லின் மேற்பரப்பும் அவற்றுக்கு ஒரு குடியிருப்பு. பரப்பு கூடினால் குடிகள் கூடும், தண்ணீர் சுத்தமாகும். நாம் கல் வாங்கும்போது உண்மையில் வாங்குவது இந்தப் பரப்பைத்தான்.

சுண்ணாம்பு இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. சுண்ணாம்புக்கல், பவளக்கல், சிப்பி, சோகி எல்லாம் பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுதான். அது தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைந்து பிஎச் அளவை, அதாவது தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் எண்ணை, மேலே தள்ளும். அக்குவாபொனிக்ஸுக்குத் தண்ணீரின் பிஎச் 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. 7.5ஐத் தாண்டிப் போனால் இரும்புச் சத்து தண்ணீரில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது. குருத்து இலை நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாக வெளுக்கும். செடிக்கு உரம் போதவில்லை என்று நினைத்து மீனுக்கு இன்னும் தீன் போடுவோம், தண்ணீர் இன்னும் கெடும்.

மீனுக்கும் இதில் ஆபத்து உண்டு. அமோனியா தண்ணீரில் இரண்டு வடிவத்தில் இருக்கும். ஒன்று நஞ்சு, மற்றது அவ்வளவு தீங்கில்லாதது. நமது ஊர்த் தண்ணீரின் சூடு 28 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிஎச் 7 ஆக இருந்தால் மொத்த அமோனியாவில் நஞ்சு வடிவம் நூற்றுக்கு ஒரு பங்கு கூட வராது. பிஎச் 8 ஆனால் அதே தண்ணீரில் அது நூற்றுக்கு ஆறு ஏழு பங்காகிவிடும். பிஎச் ஒரு படி ஏறினால் நஞ்சு ஏறத்தாழ பத்து மடங்கு. அதனால்தான் கல் விடயத்தில் சுண்ணாம்பை இவ்வளவு வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. மட்டக்களப்பும் அம்பாறையும் இருப்பது விஜயன் தொகுதி என்று புவியியலாளர்கள் சொல்லும் மிகப் பழைய பாறைகளின் மேல். பெரும்பாலும் நைஸ், கருங்கல் வகைகள். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வயலுக்கு நடுவே தலை நீட்டிக்கொண்டு நிற்கும் பாறைகளும் குடும்பிமலையும் இந்த வகைதான். இவற்றை உடைத்து வரும் கல் தண்ணீரில் கரைந்து பிஎச்சை மாற்றாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை, அங்கே காலுக்குக் கீழே சுண்ணாம்புக்கல்.

ஆனாலும் பாறையை நம்பி லோட்டைப் பார்க்காமல் விடக் கூடாது. கடற்கரையிலோ வாவிக் கரையிலோ கொட்டி வைத்த கல்லில் சிப்பியும் மட்டியோடும் கலந்திருக்கும். பழைய கட்டடம் உடைத்த இடத்துக் கல்லில் சீமெந்து ஒட்டியிருக்கும். சீமெந்தும் பிஎச்சை ஏற்றும், சுண்ணாம்புக்கல்லை விட வேகமாகவே ஏற்றும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொங்கிரீட் உடைசலைத் தொட்டியில் போடாதீர்கள். கடற்கரையில் ஒதுங்கும் பவளத் துண்டுகளும் வேண்டாம். பவளப்பாறையை உடைத்து எடுப்பது சட்டப்படி குற்றம். அதோடு நம் கடலுக்கு அது இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதே நல்லது.

சோதனை சுலபம். குவியலின் மேலே, நடுவே, அடியில் என்று வெவ்வேறு இடங்களில் ஒரு கைப்பிடி கல் எடுங்கள். தூசி போகக் கழுவிக் காயவையுங்கள். வினாகிரியை ஒவ்வொரு கல்லிலும் சொட்டு விடுங்கள். வினாகிரி இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி போதும். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, வருவது காபனீரொட்சைட்டு வாயு. ஒன்றிரண்டு கல் மட்டும் நுரைத்தால் அவற்றைப் பொறுக்கி எறியலாம். பாதிக்குப் பாதி நுரைத்தால் அந்தக் குவியலை விட்டு நகர்ந்துவிடுங்கள். சில கற்களில் நுரை உடனே தெரியாது. சுத்தியலால் தட்டித் தூளாக்கி அந்தத் தூளில் விட்டுப் பார்த்தால் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஊறப்போட்டுப் பார்க்கலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல்கள் எடுங்கள். இரண்டிலும் நீங்கள் தொட்டிக்குப் பாவிக்கப்போகும் அதே கிணற்றுத் தண்ணீரை நிரப்புங்கள். ஒன்றில் மட்டும் கழுவிய கல்லைப் போடுங்கள். ஒரு வாரம் கழித்து, மீன் கடையில் விற்கும் பிஎச் சொட்டு மருந்தால் இரண்டையும் அளந்து பாருங்கள். கல் போட்ட போத்தலில் மட்டும் ஏறியிருந்தால் குற்றம் கல்லில். இரண்டிலுமே உயர்வாக இருந்தால் கல்லைக் குறை சொல்லிப் பயனில்லை, கிணற்று நீரே அப்படி. கரையோரக் கிணறுகள் சிலவற்றில் இது நடக்கும். மழைநீரைச் சேர்த்துக் கலந்து பாவிப்பதுதான் அதற்கு வழி.

எந்த அளவு?

கல் சிறிதாக ஆக மேற்பரப்பு கூடும். கல்லை உருண்டையாக நினைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கன மீற்றர் முக்கால் அங்குலக் கல்லில், அதாவது ஏறத்தாழ 20 மில்லிமீற்றர் கல்லில், 180 சதுர மீற்றர் அளவில் பரப்பு கிடைக்கும். ஒன்றரை அங்குலக் கல்லில் அது பாதியாகக் குறைந்துவிடும். அப்படியானால் கால் அங்குலச் சிப்ஸ் கல்லைப் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். சிப்ஸ் கல்லுக்கு இடையே உள்ள இடைவெளி மிகவும் ஒடுக்கம். மீன் கழிவும் வேரும் சேர்ந்து சில மாதங்களில் அடைத்துவிடும். தண்ணீர் ஒரு வழியாக மட்டும் ஓடும், மற்ற இடங்களில் காற்றுப் புகாது. காற்றில்லாத இடத்தில் வேர் அழுகும், கூழ் முட்டை நாற்றம் வரும். அப்புறம் முழுத் தொட்டியையும் தோண்டிக் கழுவ வேண்டியதுதான். கல்லுத்தூளும் மணலும் இதே காரணத்துக்காகவே ஆகாது. ஒன்றரை அங்குலக் கல்லிலோ நாற்று நிற்காது, விதை இடுக்கில் விழுந்து காணாமல் போகும், கையால் தோண்டி நடவும் சிரமம்.

அதனால் அரை அங்குலம் முதல் முக்கால் அங்குலம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் எது மலிவாகக் கிடைக்கிறதோ அதை எடுக்கலாம். எதை எடுத்தாலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். பெரியதும் சிறியதும் தூளும் கலந்த கல்லை வீதிக்குப் போடுவார்கள். பெரிய கல்லின் இடுக்கைச் சிறியது நிரப்ப, சிறியதன் இடுக்கைத் தூள் நிரப்ப, எல்லாம் இறுகிவிடும். வீதிக்கு அதுதான் தேவை, நமக்கு நேர்மாறானது தேவை. வீதிக்குக் கொட்டும் சிவப்புக் கிறவலும் அப்படித்தான். அதில் களி அதிகம், தண்ணீர் பட்டதும் சேறாகும்.

இடைவெளி போதுமா என்பதை வாங்கும் இடத்திலேயே ஒரு வாளியால் அறியலாம். பத்து லீற்றர் வாளியைக் கல்லால் விளிம்பு வரை நிரப்புங்கள். பிறகு ஒரு லீற்றர் போத்தலால் அளந்து அளந்து தண்ணீர் ஊற்றுங்கள், கல்லின் மேல்மட்டத்துக்குத் தண்ணீர் வரும் வரை. நாலு லீற்றர் அளவில் பிடித்தால் நல்ல கல். மூன்று லீற்றரைத் தொடுமுன்பே நிரம்பிவிட்டால் தூளும் சிறு கல்லும் கூடுதலாகக் கலந்திருக்கிறது என்று அர்த்தம். அதே தண்ணீரை வடித்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பால் போல வந்தால் கழுவும் வேலை நிறைய இருக்கிறது. கலங்கல் லேசாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

எவ்வளவு வாங்க வேண்டும், எவ்வளவு பாரம்?

இங்கே கல் கியூப் கணக்கில்தான் விற்கிறது. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. பயிர்த் தொட்டியின் ஆழம் ஒரு அடி, அதாவது 30 சென்ரிமீற்றர் இருந்தால் கத்தரி, வெண்டி, தக்காளி, கொச்சிக்காய் எல்லாம் நன்றாக வரும். எட்டு அடி நீளம், நாலு அடி அகலம், ஒரு அடி ஆழத் தொட்டிக்கு 32 கன அடி கல். ஒரு கியூப்பில் மூன்று தொட்டிகளை நிரப்பலாம். நீல நிறப் பிளாஸ்ரிக் பரல் ஒன்றை, 200 லீற்றர் பிடிப்பதை, நெடுக்குவாட்டில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு பயிர்த் தொட்டிகள். மூன்று பரல்களை இப்படிப் பிளந்து நிரப்ப ஒரு கியூப்பில் ஐந்தில் ஒரு பங்கு போதும். முதல் முறை செய்பவர்களுக்கு இந்த அளவே நல்லது.

செலவு கூடுவது பெரும்பாலும் கல்லாலல்ல, ஏற்றுக்கூலியால். டிப்பர் ஒரு கியூப்புக்காக வந்தாலும் இரண்டுக்காக வந்தாலும் ஓடும் தூரம் ஒன்றுதான். ஐந்தில் ஒரு கியூப்புக்காகத் தனியாக வண்டி பிடித்தால் மலிவுக் கல் மலிவாக இருக்காது. ஆகவே அயலில் யார் வீடு கட்டுகிறார்கள் என்று பாருங்கள். கொங்கிரீட் வேலை முடிந்த வளவில் எப்படியும் கொஞ்சம் கல் மிஞ்சும், மேசனிடம் கேட்டாலே தெரிந்துவிடும். அல்லது இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு கியூப் இறக்கிப் பிரித்துக்கொள்ளுங்கள். லான்ட்மாஸ்டர் பெட்டியில் கொஞ்சமாக ஏற்றிக்கொடுப்பவர்களும் பல ஊர்களில் இருக்கிறார்கள். ஆற்றுக் கூழாங்கல்லும் நல்ல கல்தான், உருண்டையாக இருப்பதால் கைக்கு இதம். ஆனால் ஆற்றுப்படுகையிலிருந்து அனுமதிப்பத்திரம் இல்லாமல் அள்ளுவதும் ஏற்றுவதும் குற்றம். மணலும் கல்லும் அள்ளி அள்ளி நமது ஆறுகளின் கரைகள் எப்படி இடிந்து கிடக்கின்றன என்பதைப் பார்ப்பவர்களுக்கு அதில் கைவைக்க மனம் வராது. நான் உடைத்த கருங்கல்லையே சொல்வேன்.

பாரத்தை மறந்துவிட வேண்டாம். ஒரு கன அடிக் கல் 40 கிலோவுக்கு மேல், இடையில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்தால் 50 கிலோவைத் தாண்டும். மேலே சொன்ன எட்டுக்கு நாலு தொட்டி நிறைந்து நிற்கும்போது ஏறத்தாழ 1700 கிலோ. தென்னம் பலகையில் கால் அடித்து அதன் மேல் தூக்கி வைத்தால் ஒரு மழைக்காலத்தில் வளைந்துவிடும். மணல் நிலத்தில் ஒரு பக்கம் தாழ்ந்தாலும் தண்ணீர் ஒரே மூலையில் தேங்கும், தண்ணீரைத் தானாக இழுத்து வடிக்கும் சைபன் குழாய் ஒழுங்காக இழுக்காது. நிலத்தை நன்றாக இறுக்கி, மட்டம் பார்த்து, சீமெந்துக் கற்களை அடுக்கி அதன் மேல் வையுங்கள். மாரியில் வெள்ளம் நிற்கும் வளவு என்றால் அந்த மட்டத்துக்கு மேலே உயர்த்துங்கள். மொட்டை மாடியில் வைக்க நினைப்பவர்கள், அந்தக் கூரைத் தட்டு இவ்வளவு தாங்குமா என்று கட்டட வேலை தெரிந்த ஒருவரிடம் கேட்காமல் ஒரு வாளி கல்லைக்கூட ஏற்ற வேண்டாம்.

கல்லுக்குப் பதிலாக வேறு ஏதாவது?

உடைந்த கூரை ஓடு நல்ல மாற்று. சுட்ட களிமண் என்பதால் நுண்துளைகள் உண்டு, சுண்ணாம்பு இல்லை, கல்லை விடப் பாரமும் குறைவு. பெயின்ற் அடித்த ஓடும் சீமெந்து ஒட்டிய ஓடும் வேண்டாம். முக்கால் அங்குலத்துக்கு உடைத்து அரிப்பது மெனக்கெட்ட வேலை, ஆனால் காசில்லாதவருக்கு அது ஒரு வழி. செங்கல் துண்டு என்றால் நன்றாக வெந்ததாக இருக்க வேண்டும். அரைவேக்காட்டுச் செங்கல் தண்ணீரில் ஊறி மாவாகக் கரையும். நகத்தால் கீறினால் தூள் உதிர்கிறதா என்று பாருங்கள்.

தேங்காய்மட்டை, தும்பு, உமி எல்லாம் நம் ஊரில் கொட்டிக் கிடக்கின்றன, ஆனால் அவை உக்கும். உக்கும்போது தண்ணீர் நிறம் மாறும், ஒட்சிசன் குறையும், குழாய் அடைபடும். நாற்று மேடைக்கு அவை சிறந்தவை, இந்தத் தொட்டிக்கு அல்ல.

கழுவிப் போடுவது

அரிதட்டில் போட்டு அரித்துத் தூளை முதலில் நீக்குங்கள். பிறகு ஒரு தாச்சி தாச்சியாக வாளியில் போட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். இது அலுப்பான வேலை, ஆனாலும் குறுக்குவழி கிடையாது. கழுவாமல் போட்ட தூள் பம்பிலும் மீனின் செவுளிலும் போய் நிற்கும். கழுவிய நீரை வளவின் பள்ளத்தில் விடுங்கள், வடிகானில் விட்டால் தூள் படிந்து அடைக்கும். உடைத்த கருங்கல்லின் முனை கூர்மையானது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். தார்ப்பாய் விரித்த தொட்டியானால் கல்லைக் கொட்டாமல் மெதுவாக அடுக்குங்கள், அடியில் பழைய சாக்கை விரித்துவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீர் வடியும் குழாயைச் சுற்றித் துளையிட்ட அகலமான பீவீசீக் குழாய் ஒன்றை நிறுத்திவிட்டுக் கல்லைப் போடுங்கள். பின்னால் வேர் அடைத்தால் அதைத் திறந்து சுத்தம் செய்யலாம்.

தண்ணீர் ஏறும் மட்டம் கல்லின் மேல்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே நிற்க வேண்டும். மேலே காய்ந்த கல் இருந்தால் வெயில் தண்ணீரில் படாது, பாசி பிடிக்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தண்ணீர் வற்றும் வேகத்தையும் அது குறைக்கும். கருங்கல் நண்பகலில் நன்றாகச் சூடாகும், இளம் நாற்றின் தண்டைச் சுட்டுவிடும். அந்த மாதங்களில் நிழல் வலை ஒன்றைக் கட்டிவிடுங்கள்.

கல் போட்டவுடன் மீனை நிறைய விடாதீர்கள். பற்றீரியாக்கள் கல்லில் குடியேற நாலு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு நிரப்புங்கள், குளோரின் பற்றீரியாவையும் கொல்லும். ஆரம்பத்தில் சில திலாப்பியாக் குஞ்சுகளை மட்டும் விட்டு, தீனைக் குறைவாகப் போட்டு, அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளந்துகொண்டே வாருங்கள். இரண்டும் ஏறி, பிறகு இறங்கிப் பூச்சியத்துக்குக் கிட்ட வந்ததும் மீனைக் கூட்டலாம்.

இன்னும் ஒன்று. பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதனால் மாதங்கள் போகப் போக நல்ல கருங்கல் போட்ட தொட்டியில் பிஎச் தானாகவே இறங்கும். 6க்குக் கீழே போனால் பற்றீரியாவின் வேலை மந்தமாகும். அப்போதுதான் சிப்பி ஓடு உதவிக்கு வரும். ஒரு கைப்பிடி சிப்பி ஓட்டை நன்றாகக் கழுவி உப்பு நீக்கி, உடைத்து, சின்ன வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். பிஎச் 6.5ஐத் தாண்டியதும் பையைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம்.